ரியோஹா ரெட் ஒயின்: கிரான் ரெசர்வாதான் வாங்கணுமா? எதோடு சாப்பிடலாம்?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் நாலு பேர் ஸ்பெயினின் ரியோஹா ஒயின் பகுதியில் இருக்கும் லோக்ரோன்யோ ஊருக்குப் போகிறோம். அங்கத்திய ரெட் ஒயினை க்ரியான்சா, ரெசர்வா, கிரான் ரெசர்வா என்று வரிசையாகச் சொல்கிறார்கள், விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. கையில் காசு இருந்தால் கடைசியில் இருப்பதையே வாங்கிவிடலாமா? எங்களில் ஒருவர் சைவம், இன்னொருவருக்குக் காரம் இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு ரெட் ஒயின் என்றாலே நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புதான் ஞாபகம் வருகிறது.

பீப்பாய்க்காரன்:
அது எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்கிற கணக்கு, அவ்வளவுதான். க்ரியான்சா 2 வருடம், ரெசர்வா 3 வருடம், இரண்டிலும் குறைந்தது 1 வருடம் ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். கிரான் ரெசர்வா 5 வருடம், அதில் பீப்பாயில் குறைந்தது 2, பாட்டிலில் குறைந்தது 2. பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: க்ரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசர்வாவுக்கு அரக்கு நிறம், கிரான் ரெசர்வாவுக்கு நீலம்.

முக்கியமான திராட்சை டெம்ப்ரனியோ, கூடவே கர்னாச்சா, கிராசியானோ எல்லாம் கலப்பார்கள். இளசாக இருக்கும்போது செர்ரி, பிளம் வாசனை. பழைய பாணியில் அமெரிக்க ஓக் பீப்பாயில் வைப்பதால் வனிலாவும் லேசாகத் தேங்காயும் தெரியும். வருடம் போகப் போகப் பழவாசனை குறைந்து காய்ந்த இலை, புகையிலை, பதனிட்ட தோல் என்று வேறு பக்கம் போய்விடும், துவர்ப்பும் தணிந்துவிடும், அதனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. பீப்பாய்ப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது. அங்கே கொடிகளைப் பூச்சி அழித்தபோது வியாபாரிகள் இந்தப் பக்கம் ஒயின் தேடி வந்தார்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் ஆரோ ஊருக்குப் போங்கள், ரயில் நிலையத்தைச் சுற்றியே பழைய ஒயின் கூடங்கள். 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரெதியா என்ற கூடத்தில் பீப்பாயைக்கூட அவர்களே செய்கிறார்கள்.

அடுப்பங்கரை:
சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். அந்த ஊரில் கட்டாயம் சாப்பிட வேண்டியது, கவாத்து செய்த திராட்சைக்கொடிச் சுள்ளியை எரித்து அந்தத் தணலில் சுடும் ஆட்டுக்குட்டி விலா. உப்பு, நெருப்பு, கொழுப்பு, வேறு ஒன்றும் கிடையாது. இதற்கு க்ரியான்சா போதும், கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சொரீசோ (பன்றி இறைச்சித் தொத்திறைச்சி) போட்ட உருளைக்கிழங்குக் குழம்புக்கும் அதேதான்.

சைவ நண்பருக்கு லோக்ரோன்யோவின் லௌரெல் தெருவில் பூண்டெண்ணெயில் சுட்ட காளான் உண்டு, ஆனால் உச்சியில் ஒரு இறாலைக் குத்திவைப்பார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுட்ட பிக்கியோ மிளகாயும் (காரமில்லாத சிவப்பு மிளகாய்) நல்ல ஜோடி. நாள்பட்ட செம்மறிப்பால் சீஸ் கிடைத்தால் அதற்கு ரெசர்வா.

காரக்கார நண்பருக்குப் பீப்பாய் வாசனை அதிகமில்லாத இளம் ஒயினைக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுங்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் எரியவைக்கும், கிரான் ரெசர்வாவை அதோடு ஊற்றினால் காசு போனதுதான் மிச்சம்.

தனிவழி:
எனக்கு அந்த வனிலா, தேங்காய் சங்கதியே ஒத்துவராது. பிரெஞ்சு ஓக்கில் வைக்கும் புதிய ரியோஹாக்கள் எவ்வளவோ இருக்கின்றன, கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் ஸ்பெயினின் இன்னொரு ஒயின் பகுதியான ரிபேரா தெல் துவேரோ. திராட்சை அதேதான், ஆனால் மேட்டு நிலம், ராக்குளிர், நிறமும் துவர்ப்பும் கூடுதல். அடுப்பில் முழுசாக வாட்டிய ஆட்டுக்குட்டிக்கு அதுதான் என் ஓட்டு.

ஊர்சுற்றி:
அப்போ கிரான் ரெசர்வாவை எப்போதுதான் குடிப்பது? மீனோடு ரெட் ஒயின் கூடவே கூடாதா?

அடுப்பங்கரை:
அதைச் சாதாரணமாக வாட்டிய இறைச்சியோடு, இல்லையென்றால் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாக, 16 முதல் 18 டிகிரியில். மீன் என்றால், தக்காளியும் குடைமிளகாயும் போட்டு அந்த ஊர்ப் பாணியில் சமைக்கும் உப்புக் காட் மீனுக்கு இளம் ரெட் தாராளமாகப் போகும். மத்திக்கு மட்டும் வேண்டாம், வாயில் இரும்பு நக்கியது போல ஆகிவிடும்.