தூக்கத்துக்கு அவில் கொடுக்கலாமா?

பள்ளத்தூரான்:
எங்கள் ஆத்தாவுக்கு வயது 74. இரவில் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார் என்று அவில் 25 ஒன்று கொடுத்தேன், விடியும்வரை அசையவில்லை. ஒரு மாதமாகத் தினமும் கொடுக்கிறேன். என் மகள் சண்டைக்கு வருகிறாள். அரிப்பு மாத்திரைதானே, அதில் என்ன ஆபத்து?

கண்டனூர்ப் பேத்தி:
மகள் சொல்வதைக் கேளுங்கள் அண்ணே. எங்கள் அப்பத்தா சளிக்கு இதே மாதிரி மாத்திரையை மூன்று இரவு போட்டார். காலையில், “ஐயா சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார். ஐயா போய் ஒன்பது வருஷம். அன்று ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் வளவுப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

பள்ளத்தூரான்:
நம் ஊர்ப்பக்க வீடுகளில் படி அப்படி. மாத்திரை போடாதவர்களும்தான் விழுகிறார்கள். எனக்குக் கதண்டு கொட்டியபோது ஆஸ்பத்திரியிலேயே அவில் ஊசிதான் போட்டார்கள்.

மருந்துக்கடைக்காரன்:
அரிப்பு, தடிப்புக்கு நல்ல மருந்துதான், யார் இல்லை என்றது? ஆனால் கதண்டு கொட்டி மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ முதல் மருந்து அட்ரினலின் ஊசி, அதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவிலை விழுங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆள் போய்விடும்.

இனி தூக்கத்துக்கு வருவோம். உடம்பில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம்தான் மூளையில் நம்மை விழிப்பாகவும் வைக்கிறது. அவில், சளி மாத்திரைகளில் இருக்கும் சிபிஎம் (குளோர்பெனிரமின்) போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் போய் அதைத் தடுக்கின்றன. அதனால் வருவது அசதி. நாலைந்து நாளில் அதுவும் பழகிப்போகும். பழகாமல் நிற்பவை வாய் வறட்சி, மலச்சிக்கல், மூத்திரம் கட்டுதல், புத்தித் தடுமாற்றம். 65 தாண்டியவர்களுக்கு இந்த வகை வேண்டாம் என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் பீர்ஸ் பட்டியல். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

புதுவயல் டிரைவர்:
சளி மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுத்தேன். திருமயம் தாண்டியதும் கண் சொருகியது. ஓரங்கட்டிப் படுத்ததால் இதை எழுதுகிறேன்.

கோட்டையூர் மருமகள்:
பஸ்ஸில் வாந்தி எடுக்கிறான் என்று ஒன்றரை வயதுப் பையனுக்கு பினர்கன் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

மருந்துக்கடைக்காரன்:
வேண்டாம்மா. அதுவும் அவில் மாதிரி பழைய வகைதான். 2 வயதுக்குள் அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சையே அடக்கிவிடும். சிபிஎம்மும் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குள் கொடுக்காதே என்று 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டாளரே சொல்லிவிட்டார்.

பள்ளத்தூரான்:
வாய் காய்கிறது என்று ஆத்தா நாலு நாளாகச் சொல்கிறார். வெயில் என்று நினைத்தேன். சரி, நிறுத்துகிறேன். ஆனால் தூக்கமில்லாமல் அவர் படுகிற பாட்டை நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரன்:
டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன் ஒன்று: பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்?

பள்ளத்தூரான்:
சாப்பிட்டுவிட்டுப் பட்டாலையில் சாய்ந்தால் நாலரை மணிக்குக் காபிக்குத்தான் எழுவார்.