தத்தெடுத்த தெருநாயை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகலாமா?

கெடிலக்கரை:
கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. மீட்டு வளர்க்கும் நாயை முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ கூட்டிப் போனால் அங்குள்ளவர்களுக்கு ஆறுதல், நாய்க்கும் மரியாதை என்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. "ரொம்ப சாந்தம்" என்று காட்டப்படும் பல நாய்கள் சாந்தமானவை இல்லை, பயத்தில் உறைந்தவை. அடிபட்ட நாய் ஓட வழியில்லாதபோது அசையாமல் நிற்கும். வாய் இறுகியிருக்கும், எடை பின்னங்காலில் இருக்கும், பிஸ்கட் நீட்டினால் மோந்துகூடப் பார்க்காது. அதைத்தான் பொறுமை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள்.

வைத்திக்குப்பம்:
அடையாளம் சொன்னது சரி, முடிவு சரியில்லை. குட்டி பிறந்து 3 முதல் 14 வாரத்துக்குள் மனிதக் கை பட்டதா என்பதுதான் முக்கியம். தெருக்காரர்கள் சோறு வைத்து, பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சிய குட்டிக்கும் குப்பைமேட்டில் ஆள் வாசனையே இல்லாமல் வளர்ந்ததற்கும் நிறைய வித்தியாசம். ஒரு வயதாவது முடிந்து, ஒரே வீட்டில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் சோதித்துப் பயனில்லை.

சோதனை இப்படி: பழக்கமில்லாத ஒருவர் நாற்காலியில் உட்காரட்டும், கூப்பிடக் கூடாது. கயிறு தொய்வாக இருக்கட்டும், நாய் தானாகப் போக வேண்டும். போனால் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூக்கால் இடித்து இன்னும் கேட்டால் சம்மதம். முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ அதுதான் பதில். மறுநாள் சக்கர நாற்காலி, வாக்கர், பின்னால் விழும் எவர்சில்வர் டம்ளர். திடுக்கிடுவது தப்பில்லை. சில விநாடியில் தேறி வந்து மோந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

வில்லியனூர்:
இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டீர்கள். நம் பக்கத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். நாள்பட்டால் சோகை பிடித்து, ஈறு வெளுத்து நாய் சோர்ந்து படுத்திருக்கும். அதையும் சாந்தம் என்று நம்பிவிடுவார்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை, வழக்கமாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். ஒரு வாரத்தில் சாப்பிட ஆரம்பித்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், கிருமி உள்ளேயே தங்கிவிடுகிறது. குணமான பிறகு துள்ளி ஏறுகிற வேறொரு நாயைப் பார்ப்பீர்கள். சுபாவச் சோதனை அதற்கப்புறம்தான்.

வெள்ளம் வரும் ஊர் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் ஆண்டுதோறும் வேண்டும். பச்சைக் கோழிக் கழிவு தின்னும் நாய் வேண்டவே வேண்டாம். அதற்கு ஒன்றும் ஆகாது, அதன் வாயிலும் மலத்திலும் வரும் சால்மோனெல்லா பெரியவர்களைப் படுக்கவைக்கும்.

கெடிலக்கரை:
சரி, எல்லாம் செய்தாயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் எண்பது வயதுக்காரருக்குத் தோல் காகிதம் மாதிரி. நகம் பட்டு ரத்தம் வந்தால் ரேபீஸ் கணக்கில் மூன்றாம் வகைக் காயம், அதாவது ஆபத்து அதிகமான வகை. நாய்க்குத் தடுப்பூசிச் சீட்டு இருந்தாலும் மருத்துவர் ஊசியைத் தொடங்கவே பார்ப்பார்: 0, 3, 7, 28ஆம் நாள், கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்து. ஆறுதல் சொல்லப் போய் நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு அலையவிடுவதா? போதாததற்கு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. எந்த நிர்வாகம் துணியும்?

வைத்திக்குப்பம்:
அந்த உத்தரவு வளாகத்தில் திரியும் நாய்களுக்கு, கயிற்றில் வரும் வீட்டு நாய்க்கு அல்ல. நிர்வாகம் தயங்கினால் தயங்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். நகத்துக்கு வழி இருக்கிறது: முதல் நாளே வெட்டி, அரத்தால் முனையை மழுக்குங்கள். அன்று வெட்டி அன்றே போனால் முனை கூராக இருக்கும். மடியில் நாலாக மடித்த போர்வை போட்டு, நாயைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். காலைத் தூக்கிக் கொடுக்கும் "ஷேக்ஹேண்ட்" பழக்கம் உள்ள நாயை முதலில் அதை மறக்கப் பழக்குங்கள். கீறல்கள் பெரும்பாலும் அந்த வித்தையில்தான் வருகின்றன.

கெடிலக்கரை:
ஷேக்ஹேண்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் கிடக்கும் மாத்திரை?

வில்லியனூர்:
நியாயமான பயம். பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ உள்ளே போனால் நாய்க்கு ஆபத்து. நுழையும் முன் அறையைக் கூட்டச் சொல்லுங்கள், கட்டிலடி உட்பட. "விடு" என்றதும் வாயிலிருப்பதைப் போடாத நாய் வாசலோடு திரும்பட்டும். ஆளும் இருவர் வேண்டும்: பெரியவரோடு பேச ஒருவர், நாயை மட்டும் பார்க்க ஒருவர். முதல் தடவை 15 நிமிடம், பழகினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கெடிலக்கரை:
இரண்டாவது ஆள் வராத அன்று?

வில்லியனூர்:
அன்று போகக் கூடாது. தீபாவளி வாரமும் மாசி மகத்துக்கு மேளம் அடிக்கும் நாட்களும் அதே கணக்குத்தான்.