அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி 16 நாள், ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்தலாமா?

ரங்கூன்_மகன்:
ஆஸ்பத்திரியில் இருந்தவரை வயிற்றில் ஊசி போட்டார்கள், அனுப்பும்போது ரிவரோக்சபான் 10 மில்லிகிராம் தினம் ஒன்று, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து 35 நாள் முடியும்வரை என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வாக்கர் பிடித்து நன்றாகவே நடக்கிறார், "நடக்கிறவளுக்கு எதுக்குடா இது" என்கிறார், விலையும் கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் வேறு முருங்கைக்கீரையே ஆகாது என்று பயம் காட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரி போடவும் மறந்துபோச்சு, இன்றைக்கு இரண்டாகக் கொடுக்கணுமா?

தட்டோன்_அக்கா:
நான் நர்ஸாக இருந்தவள் தம்பி. இரண்டெல்லாம் வேண்டாம், இப்போதே ஒன்று கொடுங்கள், நாளையிலிருந்து வழக்கம்போல. கீரை சங்கதி வார்ஃபரின் என்ற வேறொரு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, இந்த மாத்திரைக்கு இல்லை, முருங்கைக்கீரையைத் தாராளமாக ஆக்கிப் போடுங்கள். நடப்பது நல்லதுதான், ஆனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டுவது வீட்டுக்கு வந்து பல நாள் கழித்தும் வரும், அதனால்தான் முழங்கால் மூட்டுக்கு 14 நாள் என்றால் இடுப்புக்கு 35. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

டலா_அண்ணன்:
கீரையை விடுங்க, கடையில் வலிக்கு நாலைந்து மாத்திரையைக் கலந்து சின்னப் பையில் போட்டுத் தருவார்களே, அதுதான் ஆபத்து. எனக்கு மூட்டு மாற்றினபோது இதே மாத்திரை ஓடிக்கொண்டிருக்க, வலி தாங்காமல் அந்தப் பையை வாங்கி மூன்று நாள் விழுங்கினேன், நாலாம் நாள் வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பு. குடலில் ரத்தம் கசிந்திருக்கிறது, அந்தப் பையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருந்ததாம், இதோடு சேர்ந்தால் ரத்தம் கசியுமாம். டாக்டர் விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கு. வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

ரங்கூன்_மகன்:
அண்ணே, இதைப் படித்துவிட்டு அம்மாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். அதே பை இரண்டு, ஒன்று காலி. கீழ்வீட்டுப் பையனை விட்டு வாங்கி வரச் சொன்னாராம்.

தட்டோன்_அக்கா:
மிச்சப் பையை அப்படியே எடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்டணும். வெளிக்குப் போகும் நிறத்தை வெட்கப்படாமல் அம்மாவிடம் கேளுங்கள், கறுப்பு என்றால் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டாலும் இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, இன்றைய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு அப்புறம் கொடுங்கள்.