வேர்டு அட்டவணை: இந்த செல் எந்த நெடுவரிசையில் இருக்கிறது?

டாக்எக்ஸ் கோப்பில் (வேர்டு ஆவணம், உள்ளே எக்ஸ்எம்எல்) எந்த செல்லும் தன் நெடுவரிசை எண்ணைச் சொல்லாது. நாம்தான் எண்ண வேண்டும். வரிசைக்கு வரிசை எண்ணியை 0-இல் தொடங்குங்கள். வரிசையின் பண்புகளில் 'கிரிட்பிஃபோர்' (முதல் செல்லுக்கு முன் விடப்படும் நெடுவரிசைகளின் எண்ணிக்கை) இருந்தால் முதலில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் அந்த வரிசை முழுக்க இடப்பக்கம் நகர்ந்துவிடும். ஒரு செல்லைத் தொடும்போது எண்ணியில் இருப்பது அதன் இடம். தாண்டும்போது 'கிரிட்ஸ்பேன்' (அந்த செல் எத்தனை நெடுவரிசைக்குப் பரவுகிறது) மதிப்பைக் கூட்டுங்கள். அது இல்லையென்றால் 1. ஸ்பேன் 2, 1, 3 என்று மூன்று செல்கள் இருந்தால் அவை தொடங்கும் இடங்கள் 0, 2, 3.

கிடைமட்டமாகச் சேர்த்த செல்கள் கோப்பில் ஒன்றாகிவிடும். செங்குத்தாகச் சேர்த்தவை அப்படியில்லை. தலை செல்லுக்குக் கீழே ஒவ்வொரு வரிசையிலும் வெற்று செல்லாக இருக்கும். செங்குத்து இணைப்பைக் குறிக்கும் 'விமெர்ஜ்' மதிப்பு 'ரீஸ்டார்ட்' என்றால் அதுதான் தலை. மதிப்பே இல்லாத 'விமெர்ஜ்' என்றால் மேலே உள்ளதன் தொடர்ச்சி. இதை 'மெர்ஜ் இல்லை' என்று படிக்கும் நிரல்தான் தரவை அதிகம் கெடுக்கிறது. மேல்வரிசையில் அதே இடத்தில் தொடங்கும் செல்லோடு பொருத்துங்கள். எத்தனையாவது செல் என்று பார்த்துப் பொருத்தினால் தவறும்.

* * *

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: கண்ணுக்கு 4 நெடுவரிசை தெரிந்தாலும் அட்டவணையின் நெடுவரிசை அகலங்களைப் பட்டியலிடும் 'டிபிஎல்கிரிட்'டில் 5 இருக்கலாம். ஒரே ஒரு வரிசையில் கோட்டைச் சற்று இழுத்துவிட்டாலே மெல்லிய கூடுதல் நெடுவரிசை முளைக்கும். அகலம் ட்விப்ஸில் இருக்கும், அங்குலத்துக்கு 1440. 50, 60 ட்விப்ஸ் போல மிகக் குறுகியவற்றைப் பக்கத்து நெடுவரிசையோடு சேர்த்துவிடலாம்.

பைத்தான்-டாக்எக்ஸில் (இந்தக் கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நூலகம்) 'ரோ.செல்ஸ்' சேர்த்த செல்லையே திரும்பத் திரும்பத் தரும். ஒரே உரை மூன்று முறை வந்தால் காரணம் அதுதான். உள்ளே இருக்கும் 'டிசி' உறுப்பை (செல்லுக்கான எக்ஸ்எம்எல் குறி) ஒப்பிட்டு நீக்குங்கள். உரையை ஒப்பிட்டு நீக்காதீர்கள், உண்மையிலேயே ஒரே மதிப்புள்ள இரண்டு செல்கள் காணாமல் போகும். கன்டென்ட் கன்ட்ரோலுக்குள் (வேர்டில் உள்ளடக்கத்தைச் சுற்றிப் போடும் பெட்டி) இருக்கும் வரிசைகள் இந்த நூலகத்துக்குத் தெரியாது. அங்கே எக்ஸ்எம்எல்லை நேரடியாகத்தான் படிக்க வேண்டும்.

* * *

விபிஏ (வேர்டுக்குள் மேக்ரோ எழுதும் மொழி) பயன்படுத்துவோருக்கு: செங்குத்து மெர்ஜ் இருந்தால் 'ரோஸ்' வழியாகத் தனி வரிசையைத் தொடும்போது பிழை 5991, செல் அகலங்கள் கலந்திருந்தால் 'காலம்ஸ்' வழியாகத் தனி நெடுவரிசையைத் தொடும்போது 5992. 'டேபிள்.ரேஞ்ச்.செல்ஸ்' வழியே சுற்றினால் இரண்டும் வராது. உரையின் கடைசி இரண்டு எழுத்துகளை, அதாவது 13, 7 குறியீடுகளை, வெட்டிவிடுங்கள். அவை செல் முடிவுக் குறி.