குவாதலூப்பில் காரெடுத்துச் சுற்றியவர்கள் சொல்லுங்கள்: வழியில் என்ன நடந்தது, யாரைப் பார்த்தீர்கள்?

லியோன் வாசி

பிப்ரவரி விடுமுறைக்குக் கரீபியக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எட்டு நாள். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், பாண்டிச்சேரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா. கார் முன்பதிவு செய்துவிட்டோம், தங்கும் இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. வரைபடத்தில் தீவு கையளவுதான் இருக்கிறது. ஒரே இடத்தில் தங்கி இரண்டு நாளில் மொத்தத்தையும் சுற்றிவிடலாம், மீதி நாள் கடற்கரை என்கிறார் கணவர். அது நடக்குமா?

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. நீங்கள் ஓட்டிய சாலையில் உங்களுக்கு என்ன நேர்ந்தது, யார் எதிர்ப்பட்டார்கள் என்று சொல்லுங்கள். அதை வைத்து நாங்கள் திட்டம் போட்டுக்கொள்கிறோம்.

காரைக்கால்காரன்

சகோதரி, முதலில் அம்மாவின் விசாவைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா குவாதலூப்புக்குச் செல்லாது. பிரான்சின் மாவட்டம்தான், யூரோதான் புழங்குகிறது, ஆனாலும் ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. இந்தியக் கடவுச்சீட்டில் வந்தவர் என்றால் கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று விசாவில் குறிப்பு இருக்க வேண்டும். அம்மாவிடம் பிரெஞ்சுக் குடியுரிமையோ இங்குள்ள வசிப்பு அட்டையோ இருந்தால் கவலை இல்லை. இதை இன்றே சரிபாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு நாளில் சுற்றலாமா என்றால், கூடாது. தீவு பட்டாம்பூச்சி வடிவம். மேற்குச் சிறகு பாஸ்-தேர், முழுக்க மலையும் காடும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்பு, வெள்ளை மணல். நடுவில் ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய். அதைத் தாண்ட கபார், அலியான்ஸ் என்று இரண்டே பாலம். காலையில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் திரும்புகிறவர்களும் அந்தப் பாலங்களையும் ழாரி தொழிற்பேட்டையையும் நிறைத்துவிடுவார்கள். கிராந்த்-தேரில் தங்கிக்கொண்டு தினமும் மலைக்குப் போய்வந்தால் விடுமுறையில் பாதி அந்த வரிசையிலேயே போகும். நாங்கள் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தோம், பிள்ளைகள் பின்சீட்டில் அழுதார்கள். அடுத்த முறை நான்கு இரவு மேற்கே, மூன்று இரவு கிழக்கே என்று பிரித்துக்கொண்டோம். பயணமே வேறு மாதிரி ஆனது.

இன்னொன்று, கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். தீவின் நடுவில் இருக்கும் புவாந்த்-ஆ-பித்ர் நகரத்திலிருந்து தென்மேற்குக் கரையில் இருக்கும் பாஸ்-தேர் நகரம் சுமார் 60 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்குக் கரையோரத்தில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். அந்தி என்பதே அங்கே இல்லை. பிப்ரவரியில் ஆறு மணியைத் தாண்டியதும் சூரியன் விழும், அரை மணியில் கும்மிருட்டு. ஐந்தரைக்குள் இறங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பெஸ்தேர்-பெல்-ஓவிலிருந்து கார்பே அருவிக்கு ஏறும் பாதை. இருபக்கமும் வாழைத் தோட்டம், குலைகளுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். பிப்ரவரி வறண்ட காலம்தான், ஆனால் மலையின் கிழக்குச் சரிவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. திடீரென்று கொட்டியது. எதிரே வந்த வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினேன், ஓரத்துக் கல்லில் உரசி முன் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. டிக்கியைத் திறந்து பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு நுரை டப்பாவும் சின்ன பம்பும் மட்டும். அது ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலை என்ன செய்யும்? வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் எண்ணை அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பதிவுக் குரல்தான் கேட்டது.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் பெரிய குடையோடு வந்தார். எண்பது வயது இருக்கும். என் மனைவி முதலில் போன்ழூர் என்று வணக்கம் சொன்னாள். அங்கே அதைச் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது, கடையிலும் சரி, சாலையிலும் சரி. அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு எங்களையே பார்த்தார். இந்தியாவா என்றார். காரைக்கால் என்றேன். குடையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு பிரெஞ்சில், "என் பாட்டனாரின் அப்பா காரைக்காலில்தான் கப்பல் ஏறினார்" என்றார்.

1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் கூலியாட்களை அங்கே கொண்டுவந்து இறக்கியது. அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1889 வரை பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குடையும் அந்த முகமும்தான். எங்கள் சித்தப்பாவின் முகச்சாயல்.

வராந்தாவில் உட்காரவைத்தார். படிக்கட்டுப் பக்கத்தில் இருந்த செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். "கலுப்பிலே" என்றார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு "கருவேப்பிலை" என்றாள். அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார், அவள் மறுபடி சொன்னாள், இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. உள்ளே அடுப்பில் ஆட்டுக்கறி கொலொம்போ கொதித்துக்கொண்டிருந்தது. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில் செய்கிற குழம்பு. இன்று கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று தீவில் எல்லோர் வீட்டிலும் அதுதான் விருந்துச் சாப்பாடு. அங்கே பாகற்காய்க்குப் பாவோகா என்று பெயர். மிளகுத் தண்ணிக்கு மோல்தானி.

அவருக்குத் தமிழ் பேசத் தெரியாது. ஆனால் கோயிலில் பாடுகிற பாட்டுகள் அப்பாவிடமிருந்து மனப்பாடம். ஒன்றைப் பாடினார். சொற்கள் தேய்ந்துபோயிருந்தன, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் வந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "வாருமம்மா". அதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். "அம்மா, வாருங்கள் என்று கூப்பிடுகிறீர்கள்" என்றேன். எழுந்து போய்ப் பென்சில் எடுத்துவந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியின் ஓரத்தில் அதைப் பிரெஞ்சில் எழுதிவைத்தார். எழுபது வருடமாக இந்தச் சொல்லைப் பாடுகிறேன் என்றார்.

மருமகன் எங்கிருந்தோ ஒரு சக்கரம் கொண்டுவந்து மாட்டினார். காசு வாங்கவில்லை. மறுநாள் பெரியவரே எங்களை ஷான்ஜி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கப்பெஸ்தேரிலேயே, நெடுஞ்சாலையோரமாக, வண்ணச் சிலைகளோடு இருக்கிறது, தவறவிட முடியாது. அங்கே அம்மனை மாலியேமேன் என்பார்கள். ஆன்றி சிதம்பரம் பிறந்ததும் இதே கப்பெஸ்தேரில்தான், 1863இல். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கிடையாது என்றபோது 1904இல் வழக்கில் இறங்கியவர். 1923இல்தான் அது முடிந்து உரிமை கிடைத்தது. பெரியவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

உங்கள் அம்மாவைக் கட்டாயம் அங்கே கூட்டிப்போங்கள். கார் எடுக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பணத்துக்கு உங்கள் பெயரில் கடன் அட்டை கேட்பார்கள். கீறல்களை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பிரியை

காரைக்கால்காரன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அதே சாலையில் நான்கு முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட நிறுத்தியதில்லை.

நான் மலைப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாஸ்-தேரின் குறுக்கே தேசியப் பூங்காவைக் கடந்துபோகும் டி-23 சாலையை ஒரு நாளாவது பகலில் ஓட்டுங்கள். எக்ரவிஸ் அருவி சாலையிலிருந்து சில நிமிட நடைதான். சக்கர நாற்காலியே போகிற மாதிரி பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. காலை ஒன்பதுக்கு முன் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். கார்பே இரண்டாவது அருவி 110 மீட்டர். ஆனால் மழைக்குப் பிறகு அந்தப் படிகள் வழுக்கும், பெரியவர்களுக்கு வேண்டாம்.

சூஃப்ரியேர் எரிமலை 1467 மீட்டர், சிறிய அண்டிலிஸ் என்கிற கிழக்குக் கரீபியத் தீவு வரிசையிலேயே உயரம். கார் மஞ்சள் குளியல் என்ற இடம் வரைதான். நான் தனியாக ஏறினேன். பாதி வழியில் மேகம் இறங்கி முன்னால் இருக்கும் காலே தெரியவில்லை. பின்னால் வந்த ஓர் அம்மா என் முதுகுப்பையைத் தட்டி, "நகராமல் நில், பத்து நிமிடம்" என்றார். நின்றோம். கந்தக வாடை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் 1976ஐப் பற்றிச் சொன்னார். எரிமலை குமுறியபோது பாஸ்-தேர் பக்கத்திலிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், அவர் அப்போது பள்ளிச் சிறுமி. கோழிகளை விட்டுவிட்டுப் போனது, மாதக்கணக்கில் கிராந்த்-தேரில் ஒரு வகுப்பறையில் தூங்கியது. "இருந்தும் மாதம் ஒரு முறை ஏறி அவளைப் பார்த்துவிட்டுப் போவேன்" என்றார். எரிமலையை அவள் என்றுதான் சொன்னார். மேகம் விலகியதும் கீழே கடலும் லே செந்த் தீவுகளும் தெரிந்தன. இறங்கிவந்து மஞ்சள் குளியலின் வெந்நீர்த் தொட்டியில் இருவரும் கால் நனைத்தோம்.

சாந்த்-ஆன் பக்கம் தங்கியவள்

கடற்கரையைப் பற்றி ஒரே எச்சரிக்கை. மரத்தில் சிவப்பு வண்ணப் பட்டை அடித்திருந்தால் அது மன்சனியே. பச்சை ஆப்பிள் மாதிரி காய் காய்க்கும், கடித்தால் ஆபத்து. மழையில் அதன் கீழ் நின்றாலே சொட்டும் நீர் தோலைப் புண்ணாக்கும். என் மகன் அந்தக் காயைப் பொறுக்கப் போனான். தேங்காய் ஐஸ் விற்கும் பாட்டி தன் மரத் தொட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். அப்புறம் அவனையே ஐஸ் சுற்ற வைத்தார். தொட்டியைச் சுற்றி ஐஸ்கட்டியும் உப்பும், நடுவில் தேங்காய்ப்பால் டப்பா, கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கனத்துக்கொண்டே போகும். கை வலிக்க வலிக்கச் சுற்றினான், அவர் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தார்.

கிழக்கும் தெற்கும் பார்த்த கரைகளில் 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி ஒதுங்குகிறது, அழுகினால் நாற்றம் தாங்காது. அன்று பாசி இருந்தால் காரெடுத்து மேற்கே தெஹே ஊரின் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஆனால் பிப்ரவரி திருவிழாக் காலம். ஞாயிறு மதியத்துக்கு மேல் மேளக் குழுக்கள் ஊருக்குள் இறங்கும், சாலையை அடைத்துவிடுவார்கள். ஞாயிறன்று தூரம் போகத் திட்டம் வைக்காதீர்கள்.

லியோன் வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் பத்து வருட வசிப்பு அட்டை இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

காரைக்கால்காரன் அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வாருமம்மா" வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கணவர் தானாகவே வரைபடத்தை எடுத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்: நான்கு இரவு கப்பெஸ்தேர் பக்கம், மூன்று இரவு கிழக்கே சாந்த்-ஆன். ஞாயிற்றுக்கிழமைக்கு எதுவும் போடவில்லை.

அண்ணா, ஒரு வேண்டுகோள். அந்தப் பெரியவர் வீடு கார்பே பாதையில் எந்தப் பக்கம் என்று இங்கே எழுத வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். முதலில் அவரிடம் நாங்கள் வரலாமா என்று கேட்டுவிடுங்கள். அம்மா தன் பெட்டியில் ஏற்கெனவே ஒரு மாரியம்மன் தாலாட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துவிட்டார். தமிழ் வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தரும்படி என் மகளிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து நேற்றிரவு மூன்று பக்கம் முடித்திருக்கிறார்கள்.