ஊருணியை எப்படி வரைவது: இருப்பது போலவா, இருந்தது போலவா?

கேள்வி (காரைக்குடி):
எங்கள் தெரு ஊருணியை வாட்டர்கலரில் வரைகிறேன். தூர்வாரச் சொல்லி வார்டு கூட்டத்தில் படத்தை வைத்துப் பேச ஆசை. இப்போது அங்கே ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும்தான், கரையெல்லாம் சீமைக்கருவேலம். அதை அப்படியே வரையவா, தெளிந்த தண்ணீராகக் காட்டவா?

பதில் 1:
அப்படியே வரையுங்கள் தம்பி. 1792-ல் ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரைக்கு வந்து வரைந்ததால்தான் அன்றைய ஊரை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. அழகுபடுத்தினால் சாட்சி போய்விடும்.

பதில் 2:
ஊருணியை மட்டும் வரைந்தால் பாதிப் படம்தான் அண்ணே, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலையும் சேருங்கள். நம் வட்டாரத்து வீடுகளில் ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி முன்னோர்கள் கட்டி வைத்தார்கள். அந்த வழியில் எங்கே சிமெண்ட் போட்டு அடைத்திருக்கிறது என்று நடந்து பார்த்து, அந்த இடத்தைப் பெரிதாக வரையுங்கள். அதைத் திறக்காமல் எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் நிற்காது.

கேட்டவர்:
சரி, வரத்துக்காலில் இருந்தே தொடங்குகிறேன். செம்பூராங்கல் படியில் பாசி படிந்த அந்தக் கருஞ்சிவப்புக்கு எந்தக் கலர் கலக்கலாம்?

பதில் 1:
பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி நீலம். ஈரம் காய்வதற்குள் பச்சையைத் தொட்டு வையுங்கள், தானாகப் பரவும்.