பல நிற டார்ச்சுக்குச் சொந்தமாக டிரைவர் செய்தவர்கள் இங்கே எழுதுங்கள்

திருவான்மியூரிலிருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு ராத்திரி. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கமாக, கடற்கரையில் கரையேறும் ஆமைகளைத் தேடி நடக்கும் ‘ஆமை நடை’ போய்க்கொண்டிருந்தோம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் முன்னின்று நடத்திவரும் நடை அது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். விளக்கு அடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. கட்டாயம் தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு, அதுவும் கையால் மூடிக்கொண்டு.

அந்தச் சிவப்புக்காகவே ஒரு டார்ச்சுக்குள் இருந்த டிரைவரை, அதாவது எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட் போர்டை, கழற்றிவிட்டு நானே ஒன்று செய்து வைத்திருந்தேன். 17 மில்லிமீட்டர் வட்டப் போர்டு. மூளைக்கு ஏடிடைனி85 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப். சிவப்பு எல்இடிக்குக் கரண்டை ஒரே அளவில் வைக்கும் 7135 ரெகுலேட்டர் ஒன்று, வெள்ளைக்கு மின் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட். பின்பக்கம் க்ளிக் சுவிட்ச். அதை லேசாகத் தட்டினால் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும். வீட்டில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றைக்குக் கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். அலை விட்டுப்போன ஈர மணலில் ஓர் ஆமை மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் மெல்ல உட்காரப் போனபோது என் இடுப்பில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த டார்ச் தண்ணீர் பாட்டிலில் இடித்தது. அவ்வளவுதான். பளீரென்று வெள்ளை. நான் பொத்தி அணைக்க இரண்டு நொடி ஆகியிருக்கும். ஆமை அப்படியே நின்றது, பிறகு திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. துடுப்புகள் மாற்றி மாற்றிப் பதிந்த அந்தத் தடம் குதிரை லாடம் போல வளைந்து கிடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. முட்டையிடத் தொடங்கிவிட்ட ஆமை சுலபத்தில் அசையாது. ஏறிவரும் ஆமைதான் வெளிச்சத்துக்கு மிரண்டு திரும்பும். வெள்ளை எல்இடி என்பது நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அந்த நீலம்தான் ஆமைகளை மிக மோசமாகக் குழப்பும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் என்றால் பாதிப்பு குறைவு. என் சிவப்பு 630 பக்கம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட கவனத்தில் பாதியைக்கூட வெள்ளை எப்போது எரியக் கூடாது என்பதற்குக் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். இடித்த வேகத்தில் 18650 வகை லித்தியம் பேட்டரி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு நகர்ந்தது. சில மில்லி நொடி தொடர்பு அறுந்தது. க்ளிக் சுவிட்ச் வைத்த டிரைவருக்கு மின்சாரம் கொஞ்ச நேரம் போய் வந்தால் அது விரல் தட்டியதாகத்தான் அர்த்தம். அடுத்த நிலைக்குத் தாவிவிட்டது.

போர்டை மேஜையில் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பேட்டரியைப் போடும்போதெல்லாம் வெள்ளை ஒரு கணம் மின்னுவது போல இருந்தது. கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவான வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். சரியாக 15 படங்களில் வெள்ளை எரிந்தது. 62 மில்லி நொடி. ஏடிடைனி85 மின்சாரம் வந்ததும் வேலையைத் தொடங்குமுன் காத்திருக்கும் நேரம், தொழிற்சாலை அமைப்பில், 64 மில்லி நொடி! அந்த நேரம் முழுக்க அதன் கால்கள் (பின்கள்) எதையும் பிடித்துக்கொள்ளாமல் அந்தரத்தில் இருக்கும். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் ‘கேட்’ என்ற காலும் அப்படியே. பேட்டரி சேர்ந்ததும், எல்இடி இணைந்திருக்கும் ‘டிரெயின்’ என்ற கால் பக்கம் சட்டென்று வோல்ட் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சின்னக் கெப்பாசிட்டன்ஸ் வழியாக அது கேட்டையும் மேலே இழுத்துவிடுகிறது. மாஸ்ஃபெட் தானாகவே திறந்துகொள்கிறது.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதைப் போட்டதும் வீடியோவில் ஒரு படத்தில்கூட வெள்ளை இல்லை. கடுகளவுப் பொருள், விலை சில பைசா.

அப்புறம், தொடர்பு அறுந்தாலும் சிப் கொஞ்ச நேரம் தாங்குவதற்காக வைத்திருந்த கெப்பாசிட்டரை மாற்றினேன். பேட்டரிக்கும் சிப்புக்கும் நடுவே டயோடு, அதன் பின்னால் 10 மைக்ரோஃபாரட் என்று வைத்திருந்தேன். சிப் சுமார் 3 மில்லி ஆம்பியர் இழுத்தால் 3.6 வோல்ட்டிலிருந்து 1.8க்கு இறங்க 6 மில்லி நொடிதான் ஆகும். 47 மைக்ரோஃபாரட் போட்டால் 28 மில்லி நொடி தாங்கும். ஸ்பிரிங் அதிர்வுக்கு அது போதும். க்ளிக் சுவிட்சையே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பொத்தான் வைத்தேன். வெள்ளை வேண்டுமானால் இரண்டு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தக் காரணத்தால் சிப் மறுபடி தொடங்கினாலும் அணைந்த நிலையில்தான் எழும்.

ஆமை நடைக்குத் தேவையான மங்கல் சிவப்புக்கு இப்போது 7135கூட இல்லை. சிப்பின் காலிலிருந்து 220 ஓம் வழியாக நேராகச் சிவப்பு எல்இடி. பேட்டரி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர், தீரும் நேரத்தில் 5. துடிப்பில்லாத, அமைதியான வெளிச்சம். உங்கள் டிரைவர்களில் இப்படி எதிர்பாராமல் நடந்ததையெல்லாம் எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, அந்த லாடத் தடத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் அனுபவத்தில் உயிர் சேதம் எதுவும் இல்லை, ஆனால் மூன்று மாதம் போனது.

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் ஒரே தலையில் இருக்கும் டார்ச். நான்கு நிறத்துக்கும் தனித்தனியாக ஆப்-ஆம்ப் (இரண்டு வோல்ட்டை ஒப்பிட்டு மாஸ்ஃபெட்டை இயக்கும் சிப்), மாஸ்ஃபெட், கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் வைத்து லீனியர் டிரைவர் போட நினைத்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது கையில் கிடைத்தது எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப். பாடப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது. அது தன் சப்ளையைவிட 1.5 வோல்ட் குறைவாகத்தான் வெளியே தரும் என்பது டேட்டாஷீட்டில் இருக்கிறது. நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் கேட்டுக்கு 1.9தான் கிடைத்தது. மாஸ்ஃபெட் பாதி திறந்து நின்றது. நிறைந்த பேட்டரியில் அட்டகாசமாக எரியும் டார்ச், பாதி பேட்டரியில் செத்துப்போகும்.

அதைவிட ஆழமான கோளாறு குறைந்த வெளிச்சத்தில் இருந்தது. சென்ஸ் ரெசிஸ்டர் 0.025 ஓம். எல்எம்358 தன் உள்ளீட்டில் இரண்டு மில்லி வோல்ட் தப்பாகப் பார்ப்பது சாதாரணம். இரண்டு மில்லி வோல்ட்டை 0.025ஆல் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர்! 5 மில்லி ஆம்பியர் கேட்டால் ஒரு நிறம் 85 தரும், இன்னொன்று எரியவே எரியாது. நிறக் கலவை எப்படிச் சரியாக வரும்? ஓபிஏ333 என்ற ஆப்-ஆம்ப்புக்கு மாறினேன். அதன் பிழை அதிகபட்சம் 10 மைக்ரோ வோல்ட், அதாவது இங்கே 0.4 மில்லி ஆம்பியர். சப்ளை வரைக்கும் ஏறக்குறைய முழு வோல்ட்டும் தரும். விலை பல மடங்குதான். இந்த இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததென்று நினைத்து, வெதுவெதுப்பான வெள்ளையாகக் கலந்து வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அது பச்சையும் நீலமுமாகத் திரிந்துவிட்டது. கரண்ட் அளந்தால் நான்கிலும் ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் புரிந்தது: சிவப்பு எல்இடி செய்யும் பொருளே வேறு. சூடு ஏறினால் பச்சை, நீலத்தைவிட அது மிக வேகமாக வெளிச்சத்தை இழக்கும். எல்இடி உட்கார்ந்திருக்கும் தாமிரப் பலகையின் ஓரத்தில் சூட்டை அளக்கும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றை ஒட்டி, சூடு ஏற ஏறப் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மொத்த வெளிச்சம் குறைகிறது, நிறம் அப்படியே நிற்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து

எங்களுக்கு ஜவ்வாது மலை பக்கம். காவலூர் வானாய்வகம் இருக்கும் மலை என்றால் எல்லோருக்கும் தெரியும். பையன்களைக் கூட்டிக்கொண்டு வானம் பார்க்கப் போவோம். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சத்தில் அது மொத்தமும் போய்விடும், அதனால் எனக்கும் சிவப்பு டிரைவர்தான்.

என் முதல் டிரைவர் பிடபிள்யூஎம் முறையில் வெளிச்சத்தைக் குறைத்தது, நொடிக்கு 488 முறை அணைந்து எரியும் கணக்கில். வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. மலையில், இருட்டில், வரைபடத்திலிருந்து கண்ணைத் திருப்பும்போதெல்லாம் டார்ச் முனை புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு போட்டது. ஒரு பையனுக்குத் தலைவலியே வந்துவிட்டது. 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்பில் டைமரின் வகுப்பானை 1 ஆக்கினால் 31.25 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். மாற்றினேன். புள்ளிகள் மறைந்தன, ஆனால் அடிமட்ட வெளிச்சமும் காணாமல் போய்விட்டது. 256இல் ஒரு பங்கு என்றால் மைக்ரோ நொடியில் எட்டில் ஒரு பங்குதான். அதற்குள் 7135 விழித்துக்கொள்வதே இல்லை. மேலும் கீழும் எண்ணும் முறையில் 15.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, மிக மங்கலான நிலைக்கு மட்டும் மேலே அண்ணன் சொன்ன மாதிரியே தனி ரெசிஸ்டர் வைத்தேன். நான் 1 கிலோ ஓம் போட்டிருக்கிறேன். வானம் பார்க்க 2 மில்லி ஆம்பியரே தாராளம்.

காங்கேயத்திலிருந்து

எங்கள் ஊரில் கல் வியாபாரம் உண்டு. ஒரே டார்ச்சில் வெள்ளை, சிவப்பு, 365 நானோமீட்டர் புற ஊதா மூன்றும் வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். புற ஊதாவில் மாணிக்கம் சிவப்பாக ஒளிரும். செயற்கை மாணிக்கமும் ஒளிரும், பெரும்பாலும் இன்னும் பலமாகவே ஒளிரும். அதனால் இதை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது, ஆனாலும் முதல் பார்வைக்கு உதவும்.

உங்கள் எல்லோருக்கும் சிவப்பு பிரச்சினை என்றால் எனக்கு அதற்கு நேர் எதிர். சிவப்புக்கு 2.1 வோல்ட் போதும். நிறைந்த பேட்டரியின் 4.2இல் மீதி 2.1ஐ 7135 சூடாகத்தான் தள்ள வேண்டும், 350 மில்லி ஆம்பியரில் முக்கால் வாட் பக்கம். புற ஊதாவுக்கோ 3.7 வேண்டும். 7135க்கும் கொஞ்சம் விட்டால் பேட்டரி 3.85க்கு வந்தவுடனே கரண்ட் சரியத் தொடங்கும். 20 நிமிடத்தில் மங்கிப்போவதைப் பார்த்து எல்இடிதான் மட்டம் என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இரண்டு பேட்டரியைத் தொடராக வைத்து, வோல்ட்டை இறக்கித் தரும் ஒரே பக் கன்வர்ட்டரை மூன்றுக்கும் பொதுவாகப் போட்டேன். எந்த நிறம் வேண்டுமோ அதன் மாஸ்ஃபெட்டைத் திறப்பது. வெளிச்சம் அருமையாக நின்றது. ஆனால் புற ஊதாவிலிருந்து சிவப்புக்கு மாற்றும்போதெல்லாம் சிவப்பு ஒரு கணம் பளிச்சென்று வெட்டியது. கன்வர்ட்டரின் வெளியீட்டில் இருந்த 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 3.7 வோல்ட்டில் நிரம்பியிருக்கிறது. 2.1 வோல்ட் எல்இடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மிச்சம் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் அதற்குள் இறங்குகிறது. மூன்றாவது வாரத்தில் என் சிவப்பு எல்இடி பாதியாக மங்கிவிட்டது. கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 ஓம் போட்டு, நிறம் மாறும்போது கன்வர்ட்டரை நிறுத்திவிட்டு 50 மில்லி நொடி காத்திருக்கச் செய்தேன். கெப்பாசிட்டர் 2.1க்கு இறங்க 27 மில்லி நொடிதான் ஆகும். விரலுக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது.

முன்கண்ணாடிக்கு, புற ஊதாவை விட்டுக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்கும் இசட்டபிள்யூபி2 வடிகட்டி போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எல்இடியின் ஊதா வெளிச்சம் கல்லின் ஒளிர்வை மறைத்துவிடும். எனக்கு வெள்ளையும் அதே தலையில் இருப்பதால், புற ஊதா எல்இடியின் மேல் மட்டும் சின்னத் துண்டாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் யாரும் இதைக் கையில் எடுக்க வேண்டாம். சித்தப்பாவிடம் டார்ச்சையும் கண்ணாடியையும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் கொடுத்தேன்.

திருவான்மியூரிலிருந்து

காங்கேயம் நண்பரே, உங்கள் மூன்று மாஸ்ஃபெட்டின் கேட்டிலும் கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் இருக்கிறதா? பேட்டரி போடும் கணத்தில் புற ஊதா மின்னிவிட்டால், அப்போது கண்ணாடி அணிந்திருக்க மாட்டார்கள். போனில் மெதுவான வீடியோ எடுத்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

கோவை தம்பி சொன்னதைப் பார்த்து என் அடுத்த போர்டில் தெர்மிஸ்டருக்கு இடம் விட்டிருக்கிறேன். 17 போதவில்லை, 22 மில்லிமீட்டருக்குப் போகிறேன். இந்த முறை ஆம்பர் நிறமும் சேர்கிறது, அதுவும் சூட்டில் சிவப்பைப் போலவே சரியும். தை பிறக்குமுன் மூன்று டார்ச் முடித்துவிட வேண்டும். நடைக்கு எடுத்துப் போகுமுன் ஒவ்வொன்றையும் வீட்டு மாடியில் இருட்டில் வைத்து, எரியவிட்டபடியே நூறு தடவை தண்ணீர் பாட்டிலில் இடிக்கப் போகிறேன், போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க.